நீர்விளிம்புத் தளம்

பலகைத்தளம் முதன்முதலாக இடம்பெயர்ந்தது தை மாதம் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று இறால் வரத்து மோசமாக இருந்ததால் ஒட்டுமேட்டுக்குப்பம் இறாலைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

முந்தின நாள் சாயங்காலம் வரை கிடங்குக் கம்பெனியின் கம்பிவேலிக்குப் பதினைந்தடி முன்னால், இருபத்துநாலு பனங்கால்களின் மேல் நின்றிருந்த தளம், மறுநாள் காலை நாற்பது தப்படி கிழக்கே, உப்பேரி வற்றி ஒதுங்கிய விளிம்பில், முன்வரிசைக் கால்கள் மட்டும் நனையும்படி நின்றது. கால்களுக்கு அடியில் வைத்திருந்த கருங்கல் திண்டுகளையும் செருப்பைப் போல மாட்டிக்கொண்டே வந்திருந்தது. சேற்றில் இருபத்துநாலு தடங்கள் நண்டு போன வழிபோல் நேராகத் தெரிந்தன. மீன்காரி தனபாக்கியம் கூடையோடு வந்து, பழைய இடத்தை ஒருமுறையும் புது இடத்தை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "கிட்டவே வந்துட்சா, நல்லதா பூட்சு, படகுல இருந்து நேரா எறக்கலாம்" என்று சொல்லி ஏறி, நண்டைக் கொட்டி, ஒவ்வொன்றின் கால்களையும் கட்டத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் ஏறினார்கள். தளத்துக்கு அடியில் எப்போதும் தூங்கும் இரண்டு நாய்களும் தூக்கம் கலையாமலே கூட வந்திருந்தன.

மனம் ஆறாதவர் ஊரில் ஒருவர்தான். அவர் தேசப்பன். எழுபத்தொரு வயது, முப்பத்தொரு போராட்டம், நாலு தடவை சிறை, எண்ணிக்கை தெரியாத துண்டறிக்கைகள். ஒட்டுமேட்டுக்குப்பம் ஏரி மீனவர், மீன் விற்போர் சங்கத்தின் தலைவர், பதிவேட்டின்படி இன்றைக்கும். அவரிடம் சொல்லாமல் அந்த ஊரில் ஒரு கொடிக்கம்பம்கூட இடம் மாறியதில்லை. இப்போது ஒரு தளமே நாற்பது தப்படி போயிருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாரு நகர்த்தினது?" என்று கேட்டார்.

"யாரும் நகர்த்தல தலைவரே, அதுவா வந்துச்சு" என்றாள் தனபாக்கியம், ஒரு நண்டின் கொடுக்கை மடக்கிக்கொண்டே. "நவுந்து நில்லு, காத்து வரட்டும்."

அவர் நகர்ந்து நின்றார். அன்றிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் நிற்க முடியாத வியாதி வந்தது.

அந்தத் தளம் ஏன் கட்டப்பட்டது என்று சொன்னால் அவருக்கு அந்த வியாதி ஏன் வந்தது என்பதும் புரிந்துவிடும். பதினாலு வருடத்துக்கு முன்னால், துறைமுகத்துச் சரக்கை அடுக்கிவைக்கக் கிடங்குக் கம்பெனி வந்து, கரை முழுவதையும் வேலி போட்டு வளைத்தபோது, குப்பம் அறுபத்தொரு நாள் வலையைத் தொடாமல் உட்கார்ந்தது. அறுபத்தொன்றாம் நாள், சித்திரை மாத வெயிலில், கம்பெனி இறங்கி வந்தது. ஒப்பந்தம் எழுதப்பட்டது: 'தண்ணீர் விளிம்பிலிருந்து இருநூறு அடி கரை குப்பத்து மக்களுக்கே.' தேசப்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். நல்ல வாசகம். அவரே சொல்லி எழுத வைத்த வாசகம். நிலஅளவைக்காரர் அன்றைக்கே சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக்கற்கள் நட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஏரி, வருடத்தில் இரண்டு தடவை மனம் மாறுகிற ஏரி. ஐப்பசியில் பொங்கி வரும், மார்கழி முடிய நிறைந்து நிற்கும், தையில் பின்வாங்கத் தொடங்கும், சித்திரையில் நானூறு தப்படி உள்வாங்கி, உப்பு பூத்த சேற்றைக் காயப்போட்டுவிட்டுத் தூரத்தில் ஒரு கோடாகக் கிடக்கும். அளந்தது சித்திரையில். அந்தக் கோட்டிலிருந்து இருநூறு அடி. ஐப்பசி வந்தபோது எல்லைக்கற்கள் முழுகின, இருநூறு அடியும் முழுகியது, தண்ணீர் கம்பெனி வேலியைத் தொட்டு, அதையும் தாண்டிப் போனது; தண்ணீரை யாரும் கைது செய்வதில்லை. பெண்கள் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, தலையில் கூடையோடு மீன் விற்றார்கள். பதிமூன்று மழைக்காலம் விற்றார்கள். கால் விரலிடுக்குகள் வெந்து பிளந்தன.

ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? தெரியும். கன்னத்தில் மோதிய காற்றை வைத்தே மாதம் சொல்லக்கூடியவர் அவர். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று காலையிலேயே வெற்றிக் கூட்டத் துண்டறிக்கை இரண்டாயிரம் அச்சாகி, மை காய்ந்து, கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தது. அதில் தேதி போட்டிருந்தது. அவருடைய பெயர் எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தத் தேதி பொய்யாகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் பிறகு துண்டறிக்கையில் எழுதினார்: கம்பெனியின் துரோகம், அதிகாரிகளின் துரோகம், கட்சிகளின் துரோகம். பெண்கள் அந்தத் தாள்களில் இறாலை மடித்துக் கொடுத்தார்கள். தன் எழுத்து மீன் ரத்தத்தில் ஊறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது. குப்பத்தில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. தனபாக்கியம் மட்டும் முதல் மழைக்காலத்தில், தண்ணீரில் நின்றபடி, "தலைவரே, எந்த மாசம் அளந்தே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் திரும்பிக் கரையேறிப் போனார். அவளும் அப்புறம் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பார்.

பதிமூன்றாவது மழைக்காலத்தில் பெண்கள் தாங்களாகவே கூடி, தண்ணீருக்கு மேலே ஒரு தளம் கட்டுவதென்று முடிவுசெய்தார்கள். மனு எழுதவா என்று தேசப்பன் கேட்டார். வேண்டாம், பலகை பார்க்கணும் என்றார்கள்.

ஆறு மாதம் உப்புத்தண்ணீரில் நிற்க வேண்டும், ஆறு மாதம் வெயிலில் காய வேண்டும். இந்த இரண்டையும் மாறி மாறித் தாங்கும் பொருள் உலகத்தில் அதிகம் கிடையாது. படகு தச்சன் காளத்தி, ஐந்து விதப் பலகைகளை வேலியோரச் சேற்றில் பாதி புதைத்து வைத்தான்: கம்பி போட்ட கான்கிரீட் பலகை ஒன்று, நகரத்து ஏஜெண்டு வண்ண வண்ணமாக மாதிரி காட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் மரம் ஒன்று, மலைவேம்பு ஒன்று, இடித்த பங்களாவின் கதவுத் தேக்கு ஒன்று, கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய படகிலிருந்து பிரித்த அயினி மரப் பலகை ஒன்று. பத்து மாதம் காத்திருந்தார்கள். பெண்கள் அவசரப்படவில்லை; அவசரத்தில் அளந்ததன் பலனைப் பதிமூன்று வருடம் முழங்காலில் அனுபவித்தவர்கள் அவர்கள்.

பத்து மாதம் கழித்துத் தோண்டி எடுத்தால், கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, பலகை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மலைவேம்பை விரலால் கிள்ள முடிந்தது. புழு துளைத்த ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. பிளாஸ்டிக் மரம் புதிது போலவே இருந்தது, ஏஜெண்டு சொன்னது பொய்யில்லை. ஆனால் பெண்கள் அதை உச்சிவெயிலில் போட்டு, மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு ஏறிப் பார்த்தார்கள். ஏறிய வேகத்தில் இறங்கினார்கள்.

"தோசைக்கல்லு மாதிரி சுடுது, அதுவும் எண்ணெ தடவின தோசைக்கல்லு" என்றாள் தனபாக்கியம். "இதுமேல நின்னா நம்ம விக்க வேணாம், நம்மளையே வித்துடுவாங்க, வறுத்து."

தேக்கு பிழைத்திருந்தது, ஆனால் அந்தப் பங்களாவில் மொத்தமே மூன்று கதவுதான். மிஞ்சியது அயினி. நிறம் மட்டும் சாம்பலாகியிருந்தது, தட்டினால் கணீரென்றது. முப்பது வருடம் ஏரியில் ஓடி உப்பைக் குடித்துக் கெட்டிப்பட்ட மரத்துக்குப் பத்து மாதம் ஒரு கணக்கா? ஃபைபர் படகுகள் வந்தபிறகு அப்படிப் பதினேழு படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. உடைமைக்காரர்கள் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: படகில் செருப்புக் காலோடு ஏறுவதில்லை, தளத்திலும் யாரும் செருப்போடு ஏறக் கூடாது.

காளத்தி கட்டினான். முற்றிய பனையின் கறுத்த வைரத்தில் கால்கள். பலகையின் முதுகு மேலே பார்க்க, வயிறு கீழே பார்க்க. அப்போதுதான் மழைத்தண்ணீர் நடுவில் குழிகட்டி நிற்காது. பலகைக்கும் பலகைக்கும் சுண்டுவிரல் புகும் இடைவெளி, செதிலும் சளியும் கீழே விழுந்துவிட. வெட்டிய முனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் மூன்று பூச்சு, ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது முனைகளில்தான். இரும்பாணி ஒன்றுகூட இல்லை, படகில் அடிக்கிற செப்பாணிதான். இதிலெல்லாம் தேசப்பன் தலையிடவில்லை. ஆனால் கால்களை மண்ணில் நடாமல் கருங்கல் திண்டுகளின் மேல் சும்மா நிறுத்தி, ஒரு செப்பு முளையால் கோத்ததைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அஸ்திவாரம் இல்லாம ஒரு அமைப்பா? குழி தோண்டி கான்கிரீட் போட்டு நடுடா. நிலைச்சு நிக்க வேணாமா?"

"சிமெண்டுல நட்டா காலச் சுத்தித் தண்ணி நிக்கும் ணா. கழுத்தாண்ட மரம் அழுவிப்பூடும். ரெண்டு வருசம் தாங்காது" என்றான் காளத்தி, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு. "நனையட்டும், காயட்டும். நனைஞ்சு காயறது சாவாது. நனைஞ்சே நிக்கறதுதான் சாவும்."

"அப்போ எது புடிச்சு வைக்கும்?"

"எதுக்குப் புடிச்சு வைக்கணும்?"

நாற்பது வருடமாகக் கூட்டங்களில் 'நிலைத்து நிற்போம்' என்று முடித்துப் பழகியவர், குனிந்து ஒரு பனங்காலை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புரட்டாசிக் கடைசியில் தளம் முடிந்தது. ஐப்பசியில் தண்ணீர் வந்து அதன் அடியில் புகுந்தது. பதினாலாவது மழைக்காலத்தில் பெண்கள் முதன்முறையாக உலர்ந்த காலோடு மீன் விற்றார்கள். தையில் தண்ணீர் பின்வாங்கியது. தளமும் அதன் பின்னாலேயே போனது.

பதினொன்றாம் தேதிக்குப் பிறகு அது நிற்கவே இல்லை. ஏரி ஐந்து தப்படி ஒதுங்கினால் ஐந்து தப்படி, பத்து ஒதுங்கினால் பத்து. முன்வரிசைக் கால்கள் நனைய, பின்வரிசைக் கால்கள் காய, எப்போதும் தண்ணீர் விளிம்பில். அது நடப்பதை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் பார்ப்பதில்லை என்று ஊர் ஒரு வாரத்துக்குள் முடிவுசெய்துவிட்டது. துணி மாற்றுகிறவரைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வதுபோல, சேற்றில் கல் உரசும் சத்தம் கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்த்து மூக்கைச் சொறிந்துகொண்டார்கள். சத்தம் நின்றதும் திரும்பி வேலையைத் தொடர்ந்தார்கள். சைக்கிளில் டீ கொண்டுவருகிறவன் வந்ததைச் சொல்லக் கேனை அடிக்கும் முன் "இன்னிக்கு எங்க?" என்று கேட்டுக்கொண்டான். தபால்காரர் தளத்துக்கே கடிதம் கொண்டுவந்தார். பஞ்சாயத்து எழுத்தர் கதவிலக்கம் கொடுத்து, இருப்பிடம் என்ற கட்டத்தில் 'தண்ணீர் ஓரம்' என்று எழுதினார். கங்கையம்மன் ஊர்வலம் அந்த வருடம் முந்நூறு தப்படி சேற்றில் இறங்கி நடந்து, தளத்தின் முன் நின்று தீபாராதனை காட்டித் திரும்பியது. வருவாய்த்துறை ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டியது. பதில் சொல்ல வேண்டிய தேதி வருவதற்குள் தளம் அந்த சர்வே எண்ணை விட்டுப் போயிருந்தது. அடுத்த எண்ணுக்கு அடுத்த நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்கள் தாள் கெட்டியாக இருக்கிறதென்று உரித்து வைத்துக்கொண்டார்கள். பொறியியல் படித்த ஒருவர் வந்து இரண்டு நாள் அளந்து, 'மண் சறுக்கம்' என்று எழுதிக்கொண்டு போனார். அவர் நின்ற இடத்தில் தரை கைப்பலகைபோல் சமமாக இருந்தது.

தேசப்பன் மட்டும் திணறினார். 'தளத்தின் இயக்கம் சங்கத்தின் வெற்றி' என்று ஒரு துண்டறிக்கை போட்டார். அதில் இறால் மடிக்கப்பட்டது. காலையில் தளத்துக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கி நின்றார், அது அசையவில்லை, அவர் வெற்றிலை வாங்கத் திரும்பிய நேரத்தில் அவருக்குப் பின்னால் ஆறு தப்படி போயிருந்தது. வாழ்நாளெல்லாம் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்த மனிதர், ஒரு மரத்தட்டு தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பொறுக்காமல், ஒருநாள் நைலான் கயிறு கொண்டுவந்து, அதன் காலை எல்லைக்கல்லோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் காலை எல்லைக்கல்லும் விளிம்பில் இருந்தது, சேற்றில் ஒரு உழவுசாலை விட்டுவிட்டு. கல்லை நகர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதால் நாலு பேரைக் கூட்டி வந்து, கம்பு கொடுத்துத் தூக்கி, பழைய இடத்தில் நட்டார்.

தனபாக்கியம் தளத்தின் மேலிருந்து கூவினாள். "இன்னா தலைவரே, கல்லுக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டு வர்றியா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பதினாலு வருடமாகத் தன் நெஞ்சில் நட்டிருந்த கல் இவ்வளவு லேசாகப் பிடுங்கிக்கொண்டு வரும் என்று அவர் நினைக்கவே இல்லை.

சித்திரை போனது. ஆடியில் காற்று திரும்பியது, தண்ணீர் மெல்லக் கரையை நோக்கி வரத் தொடங்கியது, தளமும் பின்னங்கால்களை முன்னங்கால்களாக மாற்றிக்கொண்டு மேற்கே பார்த்து வரத் தொடங்கியது. ஊர் அப்போதுதான் வேலியைப் பார்த்தது. ஐப்பசியில் தண்ணீர் வேலியைத் தாண்டும். தளம் தண்ணீர் விளிம்பில்தான் நிற்கும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் டீக்காரன் கேனை அடிக்கும்போது கம்பெனியின் வாசலைப் பார்த்தான், நாய்கள்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தன.

கம்பெனிக்காரர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். ஆவணியில் அவர்களுடைய நிர்வாகி ரகோத்தமன் என்பவர், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தேசப்பனின் அறைக்கே வந்தார். இளம் வயது, இனிய பேச்சு.

"ஐயா, நீங்க இந்த ஊருக்குச் செய்ததுக்கு ஊர் உங்களுக்கு ஒண்ணும் செய்யலை. நாங்க செய்யறோம். இருபத்துநாலு காலுக்கும் கான்கிரீட் அஸ்திவாரம், மேல கூரை, குடிதண்ணிக் குழாய், நிரந்தரமா. வேலிக்குப் பதினைந்தடி முன்னால, முதல்ல கட்டின அதே இடத்துல. முகப்புல கிரானைட் கல்லுல உங்க பேரு." வரைபடத்தை விரித்தார். 'தேசப்பன் மீன் விற்பனைத் தளம்' என்று அதில் எழுதியிருந்தது. "பதிவேட்டுல தலைவர் நீங்கதானே? உங்க கையெழுத்து போதும்."

யோசித்துச் சொல்வதாக அனுப்பினார். யோசித்தது இரண்டு மாதம். நடந்துகொண்டே யோசித்தார், அறைக்கும் கரைக்கும், கரைக்கும் அறைக்கும். ஒரு பக்கம் தன்னுடைய பெயர், கல்லில், மீன் ரத்தம் ஊறாத இடத்தில். அஸ்திவாரம் வேண்டும் என்று முதல்நாளே சொன்னவன் நான் என்ற கர்வம். மறுபக்கம் என்ன என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு கேள்வி மட்டும், எந்த மாசம் அளந்தே, எந்த மாசம் அளந்தே என்று சேற்றில் கல் உரசும் சத்தத்தோடு பின்னாலேயே வந்தது. காளத்தியிடம் போனார்.

"கான்கிரீட்ல கட்டிப்போட்டா?"

"சொன்னேனே ணா. ரெண்டு வருசம்."

தனபாக்கியத்திடம் போனார். அவள் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

"உன் கையி, உன் எழுத்து. நாங்க இன்னா சொல்றது?" என்றாள். அப்புறம் அந்த மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினாள், பதினாலு வருடமாகச் செய்த மாதிரியே.

ஐப்பசி எட்டாம் தேதி மழை பிடித்தது. பத்தாம் தேதி தளம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே கம்பெனி ஆட்கள் அதைச் சுற்றி இருபத்துநாலு குழிகள் தோண்டினார்கள்; கலவை இயந்திரம் வந்தது. பன்னிரண்டாம் தேதி காலை அவர் கதவைத் திறந்தால், வாசலில் மழை படாமல் சாக்கு சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. பிரித்தார். வழவழப்பான தாளில், நாலு வண்ணத்தில், அழைப்பிதழ்கள். நாளை காலை பத்து மணிக்கு அடிக்கல், கையெழுத்து, சிற்றுண்டி. அவருடைய பெயர் எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது.

இன்னும் அவர் சரி என்று சொல்லவே இல்லை. தேதி மட்டும் அச்சாகி வந்துவிட்டது.

ஒரு தாளை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். மை வாசனை அடித்தது. அதே வாசனைதான். ஒரு மனிதனை விலைக்கு வாங்கப் பணம் தேவையில்லை, அவன் பெயரை அச்சடித்து அவன் வாசலில் வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தவன் எவனோ, அவன் தன்னை முன்பே அறிந்தவன் என்று தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு மழை விட்டிருந்தது. தளத்தின் மேல் துணி விரித்த மேசை, அதன்மேல் ஒப்பந்தம், பேனா, முந்திரி வைத்த தட்டு, டீ. ரகோத்தமன், ஒரு வட்டாட்சியர், பெட்டியோடு நிலஅளவைக்காரர். அதிகாரிகள் செருப்போடு ஏறப் போனபோது பெண்கள் அவர்களுடைய கால்களைப் பார்த்தார்கள். அவர்கள் கழற்றிவிட்டு ஏறினார்கள். பத்தாம் தேதியிலிருந்து தளம் அசையவில்லை; தண்ணீர் அதற்குள் அதன் அடியில் முழங்கால் அளவு புகுந்து, வேலிக் கம்பிகளுக்குள் வழிந்து, கம்பெனி முற்றத்தில் அடுக்கியிருந்த சரக்குப் பெட்டிகளின் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. குழிகள் நிறைந்து, எங்கே இருந்தன என்று தெரியாமல் போயிருந்தன.

தேசப்பன் பேனாவை எடுத்தார். ஊர் முழுக்கக் கரையிலும் தண்ணீரிலும் நின்றது.

"இன்னிக்கு இன்னா மாசம்?" என்றார்.

ரகோத்தமன் சிரித்தார். "ஐப்பசி, ஐயா."

"தண்ணி விளிம்பு எங்க இருக்குது?"

வட்டாட்சியர் அறியாமல் திரும்பிக் கம்பெனி முற்றத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

தேசப்பன் பேனாவை மேசைமேல் வைத்தார். நாற்பது வருடம் ஒலிபெருக்கியில் பேசிய குரல் அன்று சின்னதாகத்தான் வந்தது. "பதினாலு வருசத்துக்கு முன்னாடி நான் சித்திரையில அளந்தேன். யாரும் ஏமாத்தல. கூட்ட நோட்டீசு அச்சாயிட்சேன்னு அவசரப்பட்டுக் கையெழுத்து போட்டேன். தப்பு என்னுது." பெண்கள் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் முடிக்க முடியாது என்று தெரியும். நிலஅளவைக்காரரைப் பார்த்தார். "வாசகம் அதேதான் சார். விளிம்புலருந்து இருநூறு அடி. சங்கிலிய எடுங்க. இன்னிக்கு அளங்க."

அப்போது சேற்றில் கல் உரசும் சத்தம் கேட்டது. வழக்கப்படி ஊர் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சொறிந்தது. ஆனால் அன்று தனபாக்கியம் திரும்பவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தளம் முதலில் வலப்புறக் கால்களைத் தூக்கியது, பிறகு இடப்புறக் கால்களை. கல் செருப்புகளில் தண்ணீர் சொட்டியது. தோண்டிய குழிகளை, பள்ளம் பார்த்துக் கால்வைக்கும் மாட்டைப்போல, ஒன்றுவிடாமல் தாண்டியது. மேசையும் முந்திரியும் வட்டாட்சியரும் கூடவே போனார்கள். வட்டாட்சியர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "டீ, டீ, சிந்தப்போவுது" என்றார். வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்தது, அடுத்தது சாய்ந்தது, அவ்வளவுதான் வேலி.

தேசப்பன் இறங்கிவிட்டார். பழக்கத்தில் முன்னால் போய் நிற்கத்தான் கால் போனது. இரண்டடி வைத்தவர் நின்றார், தளத்தைப் போகவிட்டார், பெண்களைப் போகவிட்டார், நாய்களையும். கடைசியாக, முழங்கால் தண்ணீரில், எல்லாருக்கும் பின்னால் நடந்தார். ஊர்வலத்தின் முதுகு எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கூடைகளும் கொண்டைகளும் வெடித்த குதிகால்களுமாக இருந்தது.

தண்ணீர் நின்ற இடத்தில் தளம் நின்றது. நிலஅளவைக்காரர் வேறு வழியில்லாமல் சங்கிலி பிடித்தார்; இருநூறாவது அடி கம்பெனியின் எடைமேடை நடுவில் முடிந்தது. கம்பெனி போட்ட வழக்கு நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது; இப்போது மாதம் ஒருமுறை நிலஅளவைக்காரர் வந்து, தளம் எங்கே என்று பார்த்து, அங்கிருந்து அளந்துவிட்டுப் போகிறார்; எல்லைக்கற்களுக்கு அடியில் காளத்தி செப்பு முளை அடித்துக் கொடுத்திருக்கிறான், தூக்கி வைக்கச் சுலபமாக. ரகோத்தமனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல பையன், போகும்போது இரண்டு கிலோ நண்டு வாங்கிக்கொண்டு போனான்.

அன்றைக்கு, தளம் நின்றதும், மூச்சிரைக்க வந்து சேர்ந்த தேசப்பனைத் தனபாக்கியம் மேலேயிருந்து பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"ஓரமா நில்லு தலைவரே," என்றாள், "யாவாரத்த மறைக்காதே."

அவர் ஓரமாக நின்றார். பிறகு வீட்டுக்குப் போய், பல மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து, நிதானமாக ஒரு துண்டறிக்கை எழுதினார். இரண்டே வரி. 'அளந்தது சித்திரையில். அளந்தவன் நான்.' கீழே பெயர், சின்ன எழுத்தில். மூன்றாம் நாள் அச்சடித்துக் கட்டாகக் கொண்டுவந்து, கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறி, தனபாக்கியத்தின் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் ஒரு தாளை உருவினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். தாளை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னா, கெட்டியா இருக்குது?"

"பெருசாவும் போட்டிருக்கேன்" என்றார் தேசப்பன். "ஈரம் தாங்குற தாளு. அரை கிலோ எறா தாராளமா மடிக்கலாம்."

அவள் மடித்தாள்.

ஏரி இருக்கும்வரை தளம் அதன் ஓரத்தில் நிற்கும். எங்கே என்று கேட்டால், இன்றைக்கு எங்கே என்று கேளுங்கள், டீக்காரன் சொல்வான்.